பின்னணி ஒலி

ஏப்ரல் 20, சனி

தேர்வுத் தேதி கிடைத்துவிட்டது. மே 11, காலை பத்தரை.

திருவனந்தபுரத்து மையத்தில் ஜூலை வரை இடம் இல்லை. அதனால் வீட்டிலிருந்தே எழுதும் முறையை எடுத்தேன். அயர்லாந்து மருத்துவமனையின் நேர்காணலுக்கு இந்த ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் மே 20க்குள் போய்ச் சேர வேண்டும். இது தவறினால் அடுத்த வருடம்தான்.

இன்று மதியம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தேர்வுக்கான மென்பொருளை கணவர் ஆன்றோவின் லேப்டாப்பில் ஏற்றினேன். இணையம் பச்சை. கேமரா பச்சை. பின்னணி ஒலி மட்டும் சிவப்பு.

அது கேமிங் லேப்டாப். ஆன்றோ கல்யாண வீடியோ எடிட் செய்வதற்காக வாங்கியது. உள்ளே இரண்டு ஃபேன். கொஞ்சம் பெரிய வேலை கொடுத்தால் பக்கத்து வீட்டு கிரைண்டர் தோற்றுப்போகும். தேர்வில் பேசும் பகுதி இருக்கிறது. சத்தம் திடீரென்று ஏறினால் கண்காணிப்பாளர் எச்சரிப்பார். மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு ரத்து.

சொன்னதும் ஆன்றோ சிரித்தார். "இது கல்யாண வீட்டு மெஷின். பரிட்சைக்குப் படிச்ச மெஷின் இல்ல கேட்டியா." பிறகு, "எனக்க கிட்ட விடு. நான் பாத்துக்கிடுகேன்" என்றார்.

நர்ஸிங் படித்த காலத்துக்குப் பிறகு நாட்குறிப்பு எழுதவில்லை. இனி மே 11 வரை எழுதலாம் என்றிருக்கிறேன். நோயாளிக்கு சார்ட் போடுவதுபோல இந்த லேப்டாப்புக்கும் வெப்பநிலையும் சத்தமும் குறித்து வைத்தால் எங்கே கோளாறு என்று தெரியும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கோயிலில் இருந்து வந்ததும் ஆன்றோ லேப்டாப்பைக் கவிழ்த்துப் பின்மூடியைக் கழற்றினார். பதினோரு திருகாணிகளையும் வரிசை மாறாமல் ஒரு தட்டில் வைத்தார். அவருக்கு நல்ல கை. ஃபேன் இறக்கைகளில் தூசி கம்பளித் துணிபோலப் படிந்திருந்தது. ஃபேன் சுற்றாமல் இருக்க பல்குச்சியைச் செருகிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, புளோவரால் ஊதினார். "காத்தடிக்கும்போ இறக்கைய சுத்த விட்டா ஃபேன் கெட்டுப்போவும்" என்று விளக்கினார். எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தந்ததில்லை. சந்தோஷமாக இருந்தது.

மூடிய பிறகு கிசுகிசு என்று கூடக் கேட்கவில்லை. 58 டிகிரி. நான் மீன் கழுவப் போனேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் லேப்டாப்பில் எதையோ சரிசெய்துகொண்டிருந்தார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

மாதிரித் தேர்வை முதல்முறையாக ஓட்டினேன். விதிப்படி மாடியில் ஆன்றோவின் எடிட்டிங் அறைக் கதவையும் ஜன்னலையும் சாத்தி, சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மென்பொருள் திறந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, லேப்டாப் அலறத் தொடங்கியது. நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. சிவப்பு.

ஆன்றோ கருங்கல் ஊரில் ஒரு கல்யாண வீடியோ வேலையில் இருந்தார். போன் செய்தேன்.

"சூட்டுல அப்டித்தான் கெடக்கும். மாடி ரூம் இல்லியா."

"ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருந்துது?"

"நீ ஒண்ணும் தொடாத ஷெர்லி. நான் வந்து பாக்கேன்."

ஏப்ரல் 24, புதன்

இரண்டு மணி நேரம் வீடியோ பாடங்கள் பார்த்தேன், சத்தமே இல்லை. மாதிரித் தேர்வைத் திறந்தேன், அலறல்.

ஏப்ரல் 26, வெள்ளி

மருத்துவமனையில் சுனிதா அக்காவிடம் கேட்டேன். வென்டிலேட்டர், மானிட்டர் எல்லாவற்றையும் பழுது பார்க்கும் பிரிவில் இருக்கிறார். கேன்டீனில் டீ ஆறும்வரை சொல்லித்தந்தார்.

"மெஷினுக்கு சைலன்ட், பேலன்ஸ், டர்போன்னு மூணு மோடு இருக்கும். டர்போவுல கெடந்தா சூடு இருந்தாலும் இல்லாட்டாலும் ஃபேன் முழு வேகத்துல ஓடும். சைலன்ட்டுல போடு. பின்ன, பவர் செட்டிங்ஸ்ல பிராசஸர் அளவ நூறுலேந்து தொண்ணூத்தொம்பதா ஆக்கு."

"ஒரு சதவீதத்துல என்ன ஆவப்போவுது அக்கா?"

"அந்த ஒண்ணுலதான் இருக்கு பிள்ளே. நூறுல இருந்தா அது அப்பப்போ மூச்சுப் பிடிச்சு ஓடும். அதுலதான் சூடே. தொண்ணூத்தொம்பதுல வச்சா அந்த ஓட்டத்த நிறுத்திப்போடும். உனக்க பரிட்சைக்கு அந்த வேகம் எதுக்கு?"

இன்னொன்றும் சொன்னார். ஃபேன் அடியோடு நின்றுவிட வேண்டும் என்று ஆசைப்படக் கூடாதாம். சூடு ஏறியதும் குபீரென்று கிளம்பும். மெதுவாக, ஒரே சீராகச் சுற்றும்படி வைத்தால் போதும். சீரான சத்தத்தை மைக்கே தள்ளிவிடும், ஏறி இறங்கினால்தான் மாட்டிக்கொள்ளும்.

பேச்சுவாக்கில், "அஞ்சு வருஷத்துக்கு முன்ன ஜித்தா ஆஸ்பத்திரி இன்டர்வியூ வந்துதே, அது ஏன் போவல்ல?" என்று கேட்டார்.

பாஸ்போர்ட் காணாமல் போய்விட்டது என்றேன். நேர்காணல் முடிந்து நான்காம் நாள் அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. ஆன்றோதான் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

அக்கா ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 27, சனி

அக்கா சொன்னதை எல்லாம் நானே செய்தேன். ஒவ்வொரு படியையும் இரண்டு முறை சரிபார்த்தேன். முதல்முறை ஒரு நோயாளிக்கு ஊசி போட்டபோதும் இப்படித்தான்.

99 ஆக்கியபின்: 54 டிகிரி. ஃபேன் நிமிடத்துக்கு 2400 சுற்று.

சைலன்ட் மோடு. லேப்டாப்பின் பின்பக்கத்துக்குக் கீழே இரண்டு மரக்கட்டைகள் வைத்து உயர்த்தினேன்: 51 டிகிரி.

மாதிரித் தேர்வு திறந்தேன்: 52 டிகிரி. ஃபேன் 5600.

சூடு ஒரு டிகிரிதான் ஏறியிருக்கிறது, ஃபேன் இரண்டு மடங்குக்கு மேல். காய்ச்சலே இல்லாமல் நாடி மட்டும் நூற்றைம்பது அடித்தால் வார்டில் என்ன செய்வோம்? டாக்டரைக் கூப்பிடுவோம், வேறு ஏதோ இருக்கிறது என்று சொல்வோம்.

பார்த்தால் மோடு தானாக டர்போவுக்கு மாறியிருந்தது. ஏதாவது அப்டேட் வந்திருக்கும்.

ஏப்ரல் 29, திங்கள்

அயர்லாந்துக்கு நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சியில் இருந்து அழைத்தார்கள். மருத்துவமனையின் பின்படிக்கட்டுக்குப் போய்ப் பேசினேன். மார்ச்சில் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தில் குடும்பத்தார் விவரம் காலியாக இருக்கிறதே, வேண்டுமென்றே விட்டதா என்று கேட்டாள் அந்தப் பெண். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன் என்றேன். அப்படிச் சேர்க்கலாம் என்று அங்கே யாரோ சொன்னதாக நினைவு.

அந்த விண்ணப்பத்தை இந்த லேப்டாப்பில்தான் நிரப்பினேன். அனுப்பியதும் அழித்துவிட்டேன். கல்யாண வீடியோக்களுக்கே இடம் போதாமல் இருக்கிறது.

மே 1, புதன்

விடுமுறை. ஆன்றோ கடைக்குப் போய் ஒரு கூலிங் பேட் வாங்கி வந்தார். லேப்டாப்பை அதன்மேல் வைத்தால் கீழிருந்து காற்றடிக்கும். "உனக்குத்தான்" என்று கொடுத்தார். அவரே மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறியும் வைத்தார்.

சாப்பிடும்போது கேட்டார். "ரெண்டு வருஷம்னுதானே சொன்ன?"

"ஆமா."

"அது ரெண்டு வருஷமாத்தான் இருக்கணும் என்ன."

"மீன்ல உப்பு கொறவா இருக்கு" என்றேன்.

அவர் எழுந்து போய் உப்பை எடுத்து வந்தார். உட்கார்ந்த பிறகு, "அங்கயும் கல்யாணம் நடக்கும் இல்லியா? கேமராக்காரனுக்கு எங்க போனாலும் வேல உண்டு" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பார்ப்போம் என்றேன்.

மீனில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

மே 3, வெள்ளி

கூலிங் பேட் வைத்து: 48 டிகிரி. மாதிரித் தேர்வு: 5600. சிவப்பு.

மே 6, திங்கள்

ஆன்றோ வீட்டில் இருந்தார். நான் மாதிரித் தேர்வு எழுதும்போது அவர் அறையின் மூலையில் உட்கார்ந்து கேமரா லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மென்பொருள் திறந்தது. அலறல் தொடங்கியது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பழைய மெஷின் இல்லியா. நம்ம கையில என்ன இருக்கு." பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். "இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம் எழுது. ஓடியா போவப்போவுது அயர்லாந்து?"

ஒன்றைக் குறிக்க வேண்டும். சத்தம் எழுவதற்கு ஒரு நொடி முன்பே அவர் தலை தூக்கி லேப்டாப்பைப் பார்த்தார். ஜன்னல் இடுக்கு வழியாக வெயில் பட்டுக் கண் கூசியிருக்கும்.

மே 8, புதன்

ஆன்றோ தக்கலைக்குப் போயிருந்தார். சுனிதா அக்கா மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தார். என் சார்ட்டை முழுவதும் வாசித்தார். பிறகு லேப்டாப்பில் ஃபேனைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைத் திறந்து, நான் இதுவரை போகாத ஒரு பக்கத்துக்குள் போனார்.

அங்கே ஒரு பட்டியல் இருந்தது. எந்த நிரல் திறந்தால் எந்த மோடுக்கு மாற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் பட்டியல். அதில் இரண்டே பெயர்கள். ஒன்று வீடியோ எடிட் செய்யும் மென்பொருள்: டர்போ. இன்னொன்று என் தேர்வு மென்பொருள்: டர்போ.

"எடிட்டிங்குக்கு வைக்கும்போ கை தவறி இதையும் சேத்திருப்பாரு" என்றேன்.

"கை தவறி வராது பிள்ளே. பேரத் தேடி எடுத்து, மோட தேர்வு செஞ்சு, சேமின்னு அமுக்கணும்." அக்கா இன்னொரு சாளரத்தைத் திறந்தார். அந்தப் பட்டியல் கடைசியாகச் சேமிக்கப்பட்ட நாள் அதில் இருந்தது. ஏப்ரல் 21, மாலை.

"வேற லேப்டாப்புல எழுத முடியாதா?" என்று கேட்டார். முடியாது. பதிவு செய்த கணினியையும் அறையையும் மாற்றும் கடைசித் தேதி மே 4. அது போய்விட்டது.

அக்கா அந்த வரியை எடுத்துவிட்டு மாதிரித் தேர்வைத் திறந்தார். 52 டிகிரி, 2400 சுற்று. பச்சை. மூன்று வாரத்தில் முதல் பச்சை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

போகும்போது கதவருகே நின்று, "ஏதாவது வேணும்னா எந்நேரமும் போன்ல விளி" என்றார்.

(இங்கே இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். ஆன்றோவுக்காக ஏதோ சமாதானம் எழுதியிருந்தேன்.)

அலமாரிக்குப் பின்னால் பாஸ்போர்ட் எப்படிப் போனது என்று ஐந்து வருடமாக நான் யோசித்ததில்லை. இன்று அக்கா போன பிறகு அலமாரியின் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். மேலே இருந்து விழ வழி இல்லை, பலகை சுவரோடு ஒட்டியிருக்கிறது. பக்கவாட்டில் கையை உள்ளே விட்டுத்தான் வைக்க முடியும்.

மே 9, வியாழன்

மாலையில் பட்டியலைத் திறந்தேன். நேற்று எடுத்த வரி திரும்ப வந்திருக்கிறது.

நான் எதையும் தொடவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. கேட்டால் நாளை மறுநாளைக்குள் வேறு வழி கண்டுபிடிக்கப்படும். தேர்வு அன்று காலையில் எடுப்பேன்.

இரவுக்கு தோசை போதும் என்றார். வார்த்தேன். எட்டு வருடமாக இந்த மனிதருக்கு தோசை வார்க்கிறேன். சண்டை போட்டதில்லை, கை நீட்டியதில்லை. யாரிடம் போய் என்ன சொல்வது?

மே 10, வெள்ளி

நாளை களியக்காவிளையில் இருந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். "நான் பக்கத்துல இருந்தாத்தான் உனக்கொரு தைரியம்" என்றார்.



மே 11, சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஒன்பது மணிக்குக் குளித்து, சேலை கட்டிக்கொண்டு எடிட்டிங் அறைக்குப் போனேன். ஆன்றோ லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஒருக்கா செக் பண்ணித் தாறேன்."

"வேண்டாம். எழும்புங்க."

"ஒரு நிமிஷம் ஷெர்லி. உனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியும். பட்டியல்ல நீங்க எழுதி வச்சதும் தெரியும். நான் எடுத்ததத் திரும்ப வச்சதும் தெரியும்."

மவுஸில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார்.  ஐ.சி.யூ.வில் பேசுவதுபோலத்தான் பேசினேன்.

என் பக்கம் திரும்பினார். "உனக்க ஃபாரத்துல எனக்க பேரு இல்ல."

நான் லேப்டாப்பின் திரையைப் பார்த்தேன்.

"அழிச்சாப் போயிடும்னு நெனச்சியா? லேப்டாப் குப்பைத்தொட்டியில கெடந்துது. எடுத்து வாசிச்சேன். கணவன் பேருன்னு கேட்டிருக்கு, ஒண்ணும் எழுதல்ல. திருமணமானவரான்னு கேட்டதுக்கும் ஒண்ணும் எழுதல்ல. ரெண்டு வருஷமாம், ரெண்டு வருஷம்! நீ திரும்பி வர மாட்ட. எனக்குத் தெரியாதா?" கண் கலங்கியிருந்தது. "பின்ன நான் வேற என்ன செய்யணும், சொல்லு."

ஒரு நொடி எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. மார்ச்சில் அந்தக் கட்டங்களின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று இந்த நோட்டில் நான் எழுதவே இல்லை.

பிறகு கேட்டேன். "ஜித்தாவுக்கு நான் எந்த ஃபாரமும் ஒளிச்சு வைக்கல்லியே. உங்க பேர முதல் வரியிலயே எழுதியிருந்தேன். அப்போ எதுக்கு பாஸ்போர்ட்ட எடுத்து ஒளிச்சீங்க?"

  ஐந்து வருடமாக அந்தக் கேள்விக்கு அவர் தயாராக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் கேட்பேன் என்று நினைக்கவில்லை போல.

எழுந்தார், அறையைவிட்டுப் போனார். படிக்கட்டில் இறங்கும் சத்தம் கேட்டது.

மணி ஒன்பதரை. பட்டியலில் இருந்து என் வரியை எடுத்தேன். சைலன்ட். 99. ஃபேன் 2400. கதவைத் தாழிட்டேன்.

பத்தரைக்குக் கண்காணிப்பாளர் திரையில் வந்தாள். பெயர் சொல்லவில்லை, நல்ல குரல். அறையை நான்கு பக்கமும் காட்டச் சொன்னாள். மேசைக்கு அடியில் காட்டினேன். சீலிங் ஃபேனை அணைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். வாசிப்பும் எழுத்தும் கேட்டலும் ஒழுங்காகப் போயின. லேப்டாப் ஒரே சீராக, தூங்குகிற குழந்தைபோல மூச்சு விட்டது. நான்தான் வியர்வையில் நனைந்திருந்தேன்.

ஆனால் என் காது முழுவதும் கதவுக்கு வெளியே இருந்தது. யாராவது கதவைத் தட்டினால் முடிந்தது. ஒரு குரல் கேட்டால் முடிந்தது. அவர் அதெல்லாம் அறிவார், விதிகளை நான்தான் வாசித்துக் காட்டியிருந்தேன்.

பன்னிரண்டரை வாக்கில் வெயில் மாடிக் கூரையில் ஏறியது. ஃபேன் சத்தம் மெல்ல உயர்வது தெரிந்தது. 2400 இல்லை, மூவாயிரத்துக்கு மேல் இருக்கும். எண்ணைப் பார்க்க வழியில்லை, தேர்வின்போது வேறெதையும் திறக்கக் கூடாது. திரையின் ஓரத்தில் மஞ்சள் பெட்டி வந்தது. பின்னணி ஒலி, முதல் எச்சரிக்கை. இரண்டு நிமிடத்தில் இரண்டாவது.

அடுத்தது பேசும் பகுதி. இன்னும் ஒன்று வந்தால் எல்லாம் போய்விடும்.

வார்டில் பதறினால் நோயாளி போய்விடுவார். மூச்சை இழுத்து விட்டேன். பேசும் பகுதிக்கு முன்னால் ஐந்து நிமிட இடைவேளை உண்டு. கண்காணிப்பாளருக்குத் தட்டச்சு செய்தேன்: அறை மிகச் சூடாக இருக்கிறது, இடைவேளையில் மட்டும் ஜன்னலைத் திறந்து சீலிங் ஃபேனைப் போடலாமா? பதில் வர ஒரு நிமிடம் ஆனது. போடலாம், நாற்காலியைவிட்டு அதற்கு மேல் நகர வேண்டாம்.

ஓடிப்போய் இரண்டையும் செய்தேன். காற்று உள்ளே வந்தது. லேப்டாப்பின் சத்தம் படிப்படியாகக் கீழே இறங்குவதைக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி நிமிடத்தில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து உட்கார்ந்தேன்.

பேசும் பகுதியில் நான் நர்ஸ், திரையில் இருப்பவர் நோயாளியாக நடிப்பார். நாளை டிஸ்சார்ஜ் ஆக வேண்டிய பெண், வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறாள், காரணத்தைக் கேட்டறிய வேண்டும். திரையில் காட்டிய அட்டையில் இருந்தது இதுதான். ஐந்து நிமிடம்.

நான் கேட்டேன். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா? இல்லை என்றாள். திட்டுகிறார்களா? இல்லை. பிறகு என்ன? அவள் சொன்னாள், யாரும் ஒன்றும் செய்யவில்லை, அங்கே எனக்கு மூச்சு முட்டுகிறது. அதன் பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஆங்கிலத்தில்தான் பேசியிருப்பேன். முடிந்ததும் கண்காணிப்பாளர் நன்றி சொன்னாள். மூன்றாவது மஞ்சள் பெட்டி வரவே இல்லை.

கதவைத் திறந்து படியிறங்கினேன். ஆன்றோ கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் தலைக்கு நேர் பக்கத்தில் மெயின் சுவிட்ச் பெட்டி, அதன் மூடி திறந்திருந்தது. அதை இழுத்தால் வீட்டு இணையமும் சேர்ந்து போகும்.

காலையில் இருந்து அங்கேதான் இருந்திருக்கிறார்.

"ரெண்டு தடவ கை வச்சேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஏன் இழுக்கல்ல?"

பெட்டியின் மூடியைச் சாத்தினார். "தெரியல்ல."

நான் அவரைத் தாண்டிப் போய்க் குழாயில் முகம் கழுவினேன். தண்ணீர் கொதித்தது. 

மே 12, ஞாயிறு

பேசவில்லை. இருவரும்.

மே 17, வெள்ளி

தேர்ச்சி. எல்லாப் பகுதியிலும் தேவைக்கு மேல். பேச்சில்தான் அதிகம்.

முதலில் சுனிதா அக்காவிடம் ஓடினேன். அவர் வென்டிலேட்டர் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையோடே கட்டிப்பிடித்தார், என் யூனிஃபார்மில் கறை. போகட்டும்.

வீட்டில் சொன்னபோது ஆன்றோ தலையசைத்தார். "நல்லது" என்றார்.

மே 28, செவ்வாய்

நேர்காணல் முடிந்தது. எடுத்துக்கொண்டார்கள். இறுதி விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார்கள், மறுபடியும் அதே கட்டங்கள். இம்முறை திருமணமானவரா என்பதற்கு ஆம் என்று எழுதினேன். உடன் வருபவர்கள்: இல்லை.

எதையும் அழிக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

பயணத் தேதி உறுதியானது.

மதியம் ஆன்றோ வெளியே கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார். கேமரா பையின் வாரை இறுக்கிக்கொண்டே, "ஃபாரத்துல பேரு சேத்தியா?" என்று கேட்டார்.

"சேக்கல்ல."

"மறந்து போச்சா?"

மறந்து போயிற்று என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைத்தான் கேட்க விரும்பினார் என்று தோன்றியது. வழக்கமாக நானும் அதைத்தான் சொல்வேன்.

"மறக்கல்ல" என்றேன். "மார்ச்சிலயும் மறந்து விடல்ல. நான் தனியாத்தான் போறேன். ரெண்டு வருஷம்னு சொன்னது பொய். திரும்பி வருவேனான்னு எனக்குத் தெரியாது. வந்தாலும் இந்த வீட்டுக்கு வர மாட்டேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம் இல்லியா."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அதற்கு அவர் பொய் சொல்லவில்லை. "இல்ல" என்றார்.

தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. 

"என்னைக்குப் போற?"

தேதி சொன்னால் என்ன நடக்கலாம் என்று யோசித்தேன். எல்லாவற்றையும் யோசித்தேன். பிறகு சொன்னேன். "செப்டம்பர் அஞ்சு. திருவனந்தபுரத்துலேந்து. காலையில பதினொண்ணே காலுக்கு."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அன்னைக்கு எனக்கு ஒரு கல்யாணம் இருக்கு. கொல்லங்கோட்டுல. ஏர்போர்ட்டுக்கு வர முடியாது."

"பரவால்ல."

"பெரிய கல்யாணம். விட முடியாது."

"சரி."

படியிறங்கிப் போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

எடிட்டிங் அறைச் சுவரில் அவருடைய காலண்டர் தொங்குகிறது. ஒத்துக்கொண்ட கல்யாணங்களை எல்லாம் சிவப்பு மையில் ஊர் பெயரோடு எழுதி வைப்பார், ஒன்றுகூட விடமாட்டார். செப்டம்பர் தாளைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, எட்டு, ஒன்பது தேதிகளில் பெயர்கள் இருந்தன. ஐந்தில் எதுவும் இல்லை.

தாளைப் பழையபடி விட்டுவிட்டு வந்தேன். அதைப் பற்றி அவரிடம் நான் கேட்கப் போவதில்லை.